பூ வைக்கப் போன வியாழக்கிழமைகள்

கண்ணத் தொறக்காதீங்க தங்கச்சி. மருந்து விட்டா, அவங்களே வந்து கூப்பிடுற வரைக்கும் மூடியே இருக்கணும்னு அந்த நர்சுப் பிள்ள இப்பத்தானே சொல்லிட்டுப் போச்சு. தொறந்தாலும் ஒண்ணும் தெரியப் போறதில்ல, எல்லாம் ஆவி பிடிச்ச கண்ணாடி மாதிரிதான் இருக்கும். எனக்கு இது ரெண்டாவது கண்ணு ஆபரேஷன், அனுபவம் இருக்கு. உங்க சம்பந்தியம்மா காபி வாங்கத்தானே போயிருக்காவ? கை நிறைய வளையல் போட்டிருப்பாவ போல, போகும்போது கலகலன்னு சத்தம் கேட்டுச்சு. கேன்டீன்ல இந்நேரம் கூட்டம் நெரியும். மெதுவா வரட்டும்.

நீங்க சொன்னத நினைச்சி வெசனப்படாதீங்க. கோமதிக்கு முன்னால ஒரு இடத்துல நிச்சயம் பண்ணி அது நின்னுபோச்சு, அத இந்தச் சம்பந்தி வீட்டுல சொல்லல. அவ்வளவுதானே? ஊர் உலகத்துல நடக்காததா? பிள்ள மேல ஒரு குத்தமும் இல்லன்னு சொல்லுதீங்க, பொறவு என்ன? துணைக்கு ஆஸ்பத்திரி வரைக்கும் வாற சம்பந்தி யாருக்குக் கெடைக்கும்? கல்யாணம் நல்லபடியா முடியும். எங்கிட்ட சொன்னது வெளிய போகாது. என்ன மாயமோ தெரியல, எம் பக்கத்துல உக்காந்து கொஞ்ச நேரம் பேசுனா யாரா இருந்தாலும் மனசுல உள்ளதக் கொட்டிருவாங்க. ரயில்லயும் அப்படித்தான், ரேஷன் கடையிலயும் அப்படித்தான். நேசமலரும் அப்படித்தான் கொட்டுனா.

நேசமலர் யாருன்னு கேக்கீங்களா? கேக்கலையா? சரி, நானே சொல்லுதேன். நமக்கும் பொழுது போகணும்லா. எனக்குச் சும்மா உக்கார வராது. காலு ரெண்டும் தன்னால ஆடும், பாருங்க. ஐயோ, உங்களுக்குப் பாக்க முடியாதுல்லா.

போன வருசம் கோடைக்கு எம் மகன் கூட்டிட்டுப் போனான். ஸ்காட்லாந்துல அபர்டீன்னு ஒரு ஊரு. கடலுக்குள்ள எண்ணெய் எடுக்கிற கம்பெனியில அவனுக்கு வேல. மருமகளும் வேலைக்குப் போற பிள்ள. காலையில ரெண்டு பேரும் கெளம்பிட்டாங்கன்னா வீட்டுல நானும் அந்த ஃப்ரிட்ஜ் உறுமுற சத்தமும்தான். கோடைன்னு பேருதான், நான் ஸ்வெட்டரக் கழத்தவே இல்ல. ஊரு பூரா சாம்பக் கலர்ல கல்லுக் கட்டடம். கடல்காக்கா ஒவ்வொண்ணும் நம்ம ஊரு சேவல் தண்டி இருக்கும். பொழுதும் அடையாது தங்கச்சி. ராத்திரிச் சாப்பாடு முடிச்சி, பாத்திரம் கழுவி, ஜெபம் பண்ணிப் படுத்தா ஜன்னல்ல வெயிலு நிக்கும். பொழுது அடையாத ஊருல மனுசனுக்கு மனசு எப்படி அடங்கும்? அடுப்படியில இருந்து வாசலுக்கும் வாசல்ல இருந்து அடுப்படிக்கும் நடப்பேன். மருமக ஒரு நாள், "அத்தை, நீங்க நடக்கிறது கீழ் வீட்டுக்காரங்களுக்குத் தொந்தரவா இருக்காம்"னா. நடக்கவும் கூடாதுன்னா மனுசி என்ன செய்ய?

இங்கன நான் எப்படி இருந்தவ தெரியுமா? எமரால்டுன்னு சபையில யாரக் கேட்டாலும் சொல்லுவாங்க. பெண்கள் ஐக்கிய சங்கத்துக்கு நாந்தான் செயலாளர். யாரு வீட்டுல சீக்கு, யாரு பிள்ளைக்கு வேல இல்ல, யாரு புருசன் குடிக்கான், எல்லாம் எனக்கு அத்துப்படி. ஜெபக்கூட்டத்துல போதகரையா "ஜெபக் குறிப்பு ஏதும் உண்டா"ன்னு கேட்டா எல்லா முகமும் எம் பக்கந்தான் திரும்பும். ஜெபக் குறிப்புன்னா உங்களுக்குத் தெரியாதுல்லா? யாருக்கு என்ன கஷ்டம்னு சபையில எடுத்துச் சொல்லி, எல்லாருமாச் சேந்து ஜெபிக்கிறது. நான் சொன்னா விவரமாச் சொல்லுவேன். மொட்டையா "ஒரு சகோதரிக்காக"ன்னு சொன்னா எப்படி ஜெபிக்க? பேரு வேணும், விசயம் வேணும்.

அப்படி இருந்தவ அங்க போயி ஜன்னலப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன்.

அடுத்த தெருவுல ஒரு பெரிய கல்லு சர்ச்சு இருந்துச்சு. ஞாயித்துக்கிழமை நானே விசாரிச்சிப் போனேன். உள்ள அங்கொண்ணும் இங்கொண்ணுமா வெள்ளக்காரக் கெழவிங்க, பெஞ்சுக்கு ஒரு ஆளு. என்னப் பாத்துச் சிரிச்சாங்க, நல்ல சிரிப்புதான், ஆனா ஒருத்தரும் பக்கத்துல வந்து உக்காரல. முதல் பாட்டு ஆரம்பிச்சாங்க பாருங்க, ஆர்கன் சத்தம் கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் புல்லரிச்சிருச்சி. நம்ம சபைப் பாட்டுப் புஸ்தகம் பாமாலையில உள்ள ராகம்! சின்னப் பிள்ளையில இருந்து நான் தமிழ்ல பாடுற ராகம். எனக்கு என்ன வெக்கம்? அவங்க குடுத்த புஸ்தகத்த மூடி வச்சிட்டுத் தமிழ்லயே எடுத்துப் பாடுனேன். எனக்குத் தொண்டை கொஞ்சம் பெருசு. ரெண்டாவது சரணத்துல, ரொம்பப் பின்னால இருந்து இன்னொரு கொரலு அதே தமிழ் வார்த்தையப் பாடுது. மெல்லிசா. நான் திரும்பிப் பாக்கேன், அவளும் என்னப் பாக்கா. அவ கண்ணுல தண்ணி. எனக்குந்தான். கடைசிச் சரணம் வரைக்கும் பாதிரியாருக்கு முதுகக் காட்டிக்கிட்டு அவளப் பாத்தே பாடுனேன்.

ஆராதனை முடிஞ்சதும் பின்னால ஹால்ல டீயும் பிஸ்கட்டும் குடுப்பாங்க. அங்க ஓடி வந்து கையப் பிடிச்சிக்கிட்டா. "அக்கா, நீங்கள் இந்தியாவோ? உங்கட பாட்டைக் கேட்டதும் என்ர ஊர்ச் சேர்ச்சில நிக்கிற மாதிரி இருந்தது"ன்னா. யாழ்ப்பாணத்துக்காரி. அவ பேசுறது பாதி எனக்குப் புரியல, நான் பேசுறது பாதி அவளுக்குப் புரியல. ஆனாலும் ரெண்டு பேரும் வாய மூடல.

அதுல இருந்து அவளும் நானும் இணை பிரியல தங்கச்சி. பஸ்ல ஏத்தி ஊரச் சுத்திக் காட்டுனா. ரோட்டக் கடக்கும்போதெல்லாம் எங் கையப் பிடிச்சிக்கிடுவா. நான் இங்கன இருந்து கொண்டு போன எவர்சில்வர் டப்பாவுல முந்திரிக்கொத்து செஞ்சி போட்டுக் குடுப்பேன். அவ அந்த டப்பாவ வெறுமனே திருப்பித் தர மாட்டா. ஒரு தரம் ரோல்ஸ்னு பொரிச்ச பலகாரம் வரும், ஒரு தரம் தொதல்னு ஒரு இனிப்பு வரும், ஒண்ணும் இல்லன்னா ஒரு கை சீனியாவது போட்டுத்தான் குடுப்பா. அவ மூலமாத்தான் அங்க உள்ள தமிழ்க் குடும்பங்களும் பழக்கமாச்சு. சனிக்கிழமை சாயங்காலம் ஆளுக்கொரு வாரம் வீட்டுல கூடி ஜெபிப்பாங்க. அங்கயும் ஜெபக் குறிப்பு கேப்பாங்க, ஆனா "சரீர சுகத்துக்காக, வேலைக்காக"ன்னு ஒரே உப்புச்சப்பில்லாம இருக்கும். நான் போனப் பொறவுதான் கொஞ்சம் சூடு பிடிச்சிச்சி.

டோக்கன் கூப்பிட்டாங்களா? இல்லையா. இங்க எல்லாமே இழுத்தடிப்பு.

அந்தக் கல்லு சர்ச்சுல பீடத்துக்குப் பூ வைக்கிறது பொம்பளைங்க பொறுப்பு. அடுத்த ஞாயித்துக்கிழமைக்கு வேண்டியத வியாழக்கிழமையே வச்சி முடிக்கிறது நேசமலர். என்னையும் கூடக் கூட்டிக்கிட்டா. முதல் தரம் போறேன், அவ பூவப் பிடுங்கிச் சொருகுறா, அலங்காரம் பண்ணுற மாதிரியே இல்ல, கண்ணு கடியாரத்து மேலயே இருக்கு. முடிச்சதும், "அக்கா, என்னோட ஒரு இடத்துக்கு வாறியளோ?"ன்னு கேட்டா. போனேன். ஒரு காபிக்கடை. ஜன்னல் ஓரத்துல ஒரு பொம்பளப் பிள்ள இவளப் பாத்ததும் எந்திரிச்சி நின்னுச்சு. அச்சு அசல் இவ மூக்கு.

"என்ர மகள் ஷாமினி"ன்னா.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. நேசமலர் வீட்டுக்காரரு ஜெபரட்ணம்னு, மீன் ஃபாக்டரியில ஷிப்டு வேல, அதிகம் பேச மாட்டாரு. அவரு எல்லாருட்டயும் மக ஆஸ்திரேலியாவுல வேல பாக்கான்னுல்லா சொல்லி வச்சிருக்காரு! விசயம் என்னன்னா, ஷாமினி ஒரு வெள்ளக்காரப் பையன ரிஜிஸ்டர் ஆபீஸ்ல வச்சிக் கல்யாணம் முடிச்சிட்டா. இவரு அன்னைக்கே சுவத்துல இருந்த அவ போட்டோவக் கழத்திட்டாரு. அவ கூடப் பேசுறவங்களும் இந்த வீட்டுல இருக்க வேண்டாம்னுட்டாரு. பெத்தவ என்ன செய்வா? பூ வைக்கப் போறேன்னு சொல்லிட்டு, வாரம் ஒரு தரம் மகளப் பாத்துட்டு வாறா.

பஸ்ல திரும்பி வரும்போது எங் கையப் பிடிச்சிக்கிட்டு, "அக்கா, ஒருத்தரிட்டயும் சொல்லிப் போடாதேங்கோ. இந்த வியாழக்கிழமையும் இல்லையெண்டா எனக்கு விசர் பிடிச்சிடும்"னா. விசர்னா அவங்க பாஷையில பைத்தியம். நான் அவ தலையில கை வச்சிச் சத்தியம் பண்ணேன். சத்தியமே பண்ணக் கூடாதுன்னுதான் வேதம் சொல்லுது. ஆனாலும் அவளுக்காகப் பண்ணேன்.

அந்த வியாழக்கிழமைங்கள நான் சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன் தங்கச்சி. மூணு பேரும் ஒரு மேசையில உக்காந்து, ஒரு கேக்க வாங்கி மூணாப் பங்கு வச்சி, அந்தப் பிள்ளைக்கு நான் பருப்புக் கொழம்பு வைக்கச் சொல்லிக் குடுக்க, அது எழுதிக்கிட, நேசமலர் எம் மூஞ்சியையும் அது மூஞ்சியையும் மாறி மாறிப் பாத்துச் சிரிப்பா. வியாழக்கிழமை போயி வந்தா எனக்கு நடக்க வேண்டாம். உக்காந்த எடத்துல உக்காந்திருப்பேன்.

ஒரு நாள் ஷாமினி அம்மா கைய எடுத்து வயித்து மேல வச்சிச்சு. புள்ளத்தாச்சி. நேசமலர் அழுகா, சிரிக்கா, மறுபடி அழுகா. நானுந்தான் அழுதேன். அதுக்கு அடுத்த வாரம் போன் வருது. "அக்கா, குறை நினைக்காதேங்கோ. இந்தக் கிழமை நான் தனியப் போறன். மகளுக்கு என்னோட தனியக் கதைக்க வேணுமாம். அவர் கேட்டா மட்டும், நேசமலர் என்னோடதான் பூ வைச்சவ எண்டு சொல்லுங்கோ."

நான் என்ன குறை நினைக்கப் போறேன்? ஒரு குறையும் நினைக்கல. அம்மாவும் மகளும் ஆயிரம் பேசுவாங்க, நமக்கென்ன? அன்னைக்குப் பூரா அடுப்படிக்கும் வாசலுக்கும் நடந்தேன், அவ்வளவுதான். கீழ் வீட்டுக்காரி மேல ஏறி வந்து கதவத் தட்டிட்டா. அதுக்கு அடுத்த வாரமும் தனியாத்தான் போனா. அதுக்கு அடுத்த வாரமும். பொய் சொல்ல மட்டும் எம் பேரு வேணும், கேக்கத் திங்க நான் வேண்டாம். சரி, போட்டும். நான் மனசுல ஒண்ணும் வச்சிக்கிடல, ஆண்டவர் அறிவாரு. எனக்கு உள்ளுக்குள்ள ஒரு பாரமாவே இருந்துச்சு. அந்தக் குடும்பத்துக்காக ஜெபிக்கணுங்கிற பாரம். உங்களுக்கு அது புரியாது, வந்தவங்களுக்குத்தான் தெரியும். இறக்கி வைக்கிற வரைக்கும் தூங்க விடாது.

அந்தச் சனிக்கிழமை கூட்டம் நேசமலர் வீட்டுல. ஜெபரட்ணம் ஷிப்டுக்குப் போயிருந்தாரு. இல்லாட்டா நான் வாயத் தொறப்பேனா? அஞ்சாறு குடும்பம் வந்திருந்தாங்க. பாட்டு முடிஞ்சி, ஜெபம் பண்ண என்னச் சொன்னாங்க. எல்லாரும் கண்ண மூடுனோம், இப்ப நாம மூடியிருக்கோம்லா, இதே மாதிரி. முதல்ல பொதுவாத்தான் ஆரம்பிச்சேன். ராஜாக்கள், அதிகாரிகள், சீக்காளிகள். அப்பப் பாத்து அந்தப் பாரம் வந்து நெஞ்ச அடைக்குது தங்கச்சி. நான் பேசல, எனக்குள்ள இருந்து வருது. "ஆண்டவரே, இந்த வீட்டிலே ஒரு கண்ணீர் உண்டு. பூ வைக்கப் போகிறேன் என்று சொல்லி, வியாழக்கிழமைதோறும் பெற்ற மகளைக் காபிக்கடையிலே ஒளித்துப் பார்க்கிற இந்தத் தாயின் கண்ணீரை நீர் காண்கிறீர். ஆஸ்திரேலியாவில் அல்ல ஆண்டவரே, இதே ஊரில் கர்ப்பவதியாய் இருக்கிற ஷாமினியை நினைத்தருளும். தகப்பனுடைய கல்லான இருதயத்தை எடுத்துப்போடும்."

நல்ல ஜெபம்தானே? நீங்களே சொல்லுங்க. ஒரு வார்த்த தப்பா இருக்கா?

நடுவுல கதவுல சாவி போடுற சத்தம் கேட்டுச்சு. கேக்கலன்னு பொய் சொல்ல மாட்டேன். ஜெபத்துல நிக்கும்போது யாரு வாறா, யாரு போறான்னு கண்ணத் தொறந்து பாக்க முடியுமா? நான் பாட்டுக்கு முடிச்சி "ஆமென்"னேன். ஒருத்தரும் கூட ஆமென் சொல்லல. கண்ணத் தொறந்தா, ஜெபரட்ணம் வாசல்ல நிக்காரு. ஷிப்டு சீக்கிரம் முடிஞ்சிருக்கு. கையில சாவி. கோட்டக் கழத்தி ஆணியில மாட்டுனாரு. மாடிக்கு ஏறிப் போயிட்டாரு.

தட்டு நிறைய ரோல்ஸ் பொரிச்சி வச்சிருந்தா பாவம். ஒருத்தரும் தொடல. எல்லாருக்கும் திடீர்னு வீட்டுல வேல வந்துட்டு. நான் மட்டுந்தான் அடுப்படியில அவ கூட நின்னேன். "பாத்தியா நேசமலர், நீ சொல்ல முடியாததக் கர்த்தரே அவரு காதுல விழ வச்சிட்டாரு, இனி எல்லாம் நல்லதா நடக்கும்"னேன். அவ குழாயத் தொறந்து விட்டுட்டு, கழுவுன தட்டையே திரும்பத் திரும்பக் கழுவிக்கிட்டு இருந்தா.

அதுக்கப்புறம் போன் எடுக்கல. சர்ச்சுக்கும் வரல. அவ இல்லாத பெஞ்சுல நான் தமிழ்ல பாடுனா அந்தக் கெழவிங்க திரும்பித் திரும்பிப் பாக்காங்க. தமிழ்க் குடும்பங்களக் கேட்டா, "இந்த வாரம் கூட்டம் இல்ல ஆன்ட்டி"ங்காங்க. அடுத்த வாரமும் இல்லையாம். கூட்டம் இருந்துச்சுன்னு எம் மகனுக்கு வேற ஆளு சொல்லித் தெரியும். எப்படி இருக்கு பாத்தீங்களா?

மனசு கேக்காம ஒரு வியாழக்கிழமை நானே அந்தக் காபிக்கடைக்குப் போனேன். ஷாமினி இருந்துச்சு. அதே ஜன்னல். முன்னால ஒரு கேக்கு, தொடாம இருக்கு. நான் போயி எதுத்தாப்புல உக்காந்தேன். "அம்மா வரலியா மக்கா?"ன்னேன். அது என்ன ஒரு மாதிரி பாத்துச்சு. "நீங்கதானே ஆன்ட்டி, அந்த ஜெபம் செய்தது?"ன்னு கேட்டுச்சு. ஆமான்னேன். எனக்கென்ன பயம்? "அம்மா இனி வரமாட்டா. எங்க போனாலும் அப்பாவே கார்ல கொண்டுபோய் விட்டு, கார்லயே கூட்டிட்டு வாறார். பூவுக்கும் வேற ஆள் போட்டாச்சு. நான் சும்மா வந்தனான். வியாழக்கிழமை எண்டா கால் தானா இங்க வருது"ன்னு சொல்லிச்சு. எனக்குத் தாங்கல தங்கச்சி. அது கையப் பிடிச்சி, "கவலப்படாத, நான் ஜெபிக்கேன்"னேன்.

கைய உருவிக்கிட்டு எந்திரிச்சிப் போயிட்டு. இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்கு விசுவாசம் கெடையாது. அந்தக் கேக்கு அப்படியே இருந்துச்சு. வீணாப் போகலாமா? நாந்தான் தின்னேன். முழுக் கேக்கு. நல்லாவே இல்ல.

ஊருக்குக் கெளம்புற வாரம் எம் மகன் ஆபீஸ்ல இருந்து வரும்போது கையில எவர்சில்வர் டப்பா. ஜெபரட்ணம் வழியில காரை நிறுத்திக் குடுத்தாராம். நான் ஆசையாத் தொறந்து பாக்கேன். கழுவித் தொடச்சி, வெறும் டப்பா. ஒரு கை சீனி கூட இல்ல. அப்படி நான் என்ன செஞ்சிட்டேன்? அவளுக்காகக் கண்ணீர் விட்டு ஜெபிச்சேன். ஏர்போர்ட்டுக்காவது வருவான்னு வாசலத் திரும்பித் திரும்பிப் பாத்தேன். மருமக, "அத்தை, லைன் நகருது"ங்கா. எனக்கு நகர முடியல.

நாலு தெருவுக்கு எனக்கு ஆளு தெரியும் இங்கன. ஆனா ஒருத்தி கூட ரோட்டக் கடக்கும்போது எங் கையப் பிடிச்சதில்ல. அவ இல்லாம எனக்கு என்னமோ போல இருக்கு, அது உண்மை. இப்பவும் வியாழக்கிழமை வந்தா வீட்டுக்குள்ள நடப்பேன். இங்க கீழ் வீடு கெடையாது, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.

நீங்க ஏன் பேசவே மாட்டேங்கீங்க காந்திமதி? தூங்கிட்டீங்களா? கோமதிய நினைச்சித்தானே? எனக்குத் தெரியும். நீங்க சொன்னதுல இருந்து எனக்கும் நெஞ்சுக்குள்ள பாரமாவே இருக்கு. கையக் குடுங்க. குடுங்கங்கேன். ஒரு சின்ன ஜெபம், ஒரு நிமிசம். எந்தச் சாமியக் கும்பிட்டா என்ன, ஜெபம் பொதுதானே. வேண்டாமா? பொறவு பாக்கலாமா? இதையெல்லாம் தள்ளிப் போடக் கூடாது. மெதுவாவா? மெதுவா ஜெபிக்க எனக்கு வராது தங்கச்சி.

அன்பின் பரலோகப் பிதாவே! இதோ, உமது மகளாகிய காந்திமதியின் வேதனையை நீர் அறிந்திருக்கிறீர். அவளுடைய மகள் கோமதியின் கல்யாண காரியத்தை உமது கரத்திலே ஒப்புக்கொடுக்கிறோம் ஆண்டவரே...

காபி வாசன வருது. வளையல் சத்தமும் கேக்கு. கைய இழுக்காதீங்க தங்கச்சி, ஜெபத்துக்கு நடுவுல கைய எடுக்கக் கூடாது. வந்தவங்க நிக்கட்டும், அவங்களும் சேந்து ஜெபிக்கட்டும். கண்ணத் தொறக்காதீங்க.

ஆண்டவரே, முன்னே ஒரு இடத்திலே நிச்சயம் பண்ணப்பட்டு, அது நின்றுபோன இந்தக் கோமதியை...